லண்டன் கைத்தொழில் வரலாறு – 7: ஃபிட்ஸ்ராய் சதுக்கத்து வர்ணப் பட்டறை

மைல் எண்ட் வீதியில் எஸ்ஸெக்ஸ் ஹவுஸ் என்னும் பழைய மாளிகையிலே பட்டறை நடத்திவந்த ஆஷ்பீயின் கைவினைஞர் சங்கம், 1902ஆம் ஆண்டில் பட்டணத்தைத் துறந்து சிப்பிங் காம்ப்டன் என்னும் கிராமத்துக்குக் குடிபெயர்ந்து, ஐந்தாறு ஆண்டுகளுக்குள் கடன்சுமை தாங்காமற் கலைந்துபோன கதையையும், அச்சங்கத்தின் அச்சுக்கூடத்தை நம்முடைய ஆனந்த குமாரசுவாமி தம் பொறுப்பில் ஏற்று, அதிலே 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்னும் பெருநூலை 1908-இல் அச்சிட்டு முடித்த வரலாற்றையும் சென்ற அத்தியாயத்திற் சொல்லி நிறுத்தியிருந்தேன். இப்பொழுது சொல்லப்போகும் ஸ்தாபனம் அதனினும் சிறியது. அதன் ஆயுளும் குறைவு. 1913ஆம் ஆண்டு ஜூலை மாதம் கதவு திறந்து, 1919ஆம் ஆண்டுக் கோடைகாலத்தில் எஞ்சிய சரக்கையெல்லாம் மலிவு விலைக்கு விற்றுக் கதவடைத்த 'ஒமேகா ஒர்க்‌ஷாப்ஸ்' என்னும் அந்தக் கம்பெனி, மேசைகளுக்கும் நாற்காலிகளுக்கும் அலமாரிகளுக்கும் கட்டில்களுக்கும் திரைத்தட்டிகளுக்கும் அதுவரை இங்கிலாந்து கண்டிராத உக்கிரமான வர்ணங்களிலே சித்திரம் தீட்டி விற்றது.

அதன் சரித்திரத்தை ஆராயுந்தோறும் என் மனத்தில் உறுதிப்பட்டுவரும் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு தளபாடம் செம்மையாக அமையவேண்டுமானால், அதைச் செய்யும் தச்சனும், அதற்கு அழகு சேர்க்கும் சித்திரக்காரனும், அதை அன்றாடம் புழங்கும் வீட்டுக்காரனும் ஒருவரை ஒருவர் அறிந்திருக்க வேண்டும். 1913ஆம் ஆண்டு லண்டனிலோ இம்மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் காணாமலே வாழ்ந்தார்கள். வீட்டுக்காரன் நம் செவன் கிங்ஸ் போன்ற புறநகர்களில் இருந்தான். தச்சன் ஷோர்டிச்சில் இருந்தான். சித்திரக்காரன் ஃபிட்ஸ்ராய் சதுக்கத்தில் இருந்தான். ஒமேகாவின் சிறப்புக்கும் வீழ்ச்சிக்கும் காரணத்தை இந்தப் பிரிவினையிலேதான் தேடவேண்டும் என்பது என் கருத்து.

வீட்டுக்காரனிடமிருந்து தொடங்குவோம். இன்று நம்மவர் பலர் வாழும் இந்தச் செவன் கிங்ஸ், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி வரையில் வயல்வெளியாகவே இருந்தது. ஆர்ச்சிபால்ட் காமரன் கார்பெட் என்னும் ஸ்காத்லாந்துக்காரர், பார்லிமெண்டு அங்கத்தினராகவும் வீடு கட்டி விற்பவராகவும் விளங்கியவர், இல்ஃபோர்டைச் சூழ்ந்த நிலங்களை வாங்கித் தெருத்தெருவாக வீடுகளை எழுப்பினார். 1899ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இங்கே ரயில் நிலையம் திறக்கப்பட்டது. கார்பெட் மதுவிலக்கில் பற்றுடையவராதலால் தம் குடியிருப்புகளில் மதுக்கடைகளுக்கு இடங்கொடுக்கவில்லை. அவ்வீடுகளில் குடியேறியவர்கள் பெரும்பாலும் பட்டணத்து வங்கிகளிலும் வர்த்தக நிலையங்களிலும் எழுத்து வேலை பார்த்த குமாஸ்தாக்கள். காலையில் ரயிலேறி லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் இறங்கி, மாலையில் அதே வழியே வீடு திரும்பிய கண்ணியமான மனிதர்கள். தெருவைப் பார்த்த முன்னறைக்கு ஒரு நல்ல அலமாரியும், நடுவிலே ஒரு மேசையும், சுற்றிலும் நான்கு நாற்காலிகளும் வேண்டும் என்று அவர்கள் ஆசைப்பட்டதில் வியப்பென்ன? தவணை முறையிற் பணங்கட்டி வாங்கும் வழக்கம் அப்பொழுதே பரவியிருந்தமையால், அந்த ஆசை நிறைவேறுவதும் கடினமாயிருக்கவில்லை.

அந்தச் சாமான்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்டால், லிவர்பூல் ஸ்ட்ரீட் நிலையத்திலிருந்து சிறிது நேரம் வடக்கே நடந்தால் வரும் கர்ட்டன் ரோட்டைக் காட்ட வேண்டும். ஷோர்டிச்சும் பெத்னல் கிரீனும் அக்காலத்தில் இங்கிலாந்துக்கே தளபாடம் செய்து கொடுத்த தச்சர் சேரிகள். அங்கே ஒரே கூரையின்கீழ் முழு வேலையும் நடப்பது அரிது. பலகை அறுப்பவன் ஒரு சந்தில் இருப்பான். கடைசல்காரன் அடுத்த சந்தில் இருப்பான். செதுக்குவேலைக்காரன் ஒரு மாடியில், பூட்டுகிறவன் மற்றொரு மாடியில், மெருகெண்ணெய் தேய்ப்பவன் வேறொரு கொட்டகையில். இத்தனை பேர் கைக்கும் மாறிமாறித் தள்ளுவண்டியிலே பிரயாணம் செய்த பிறகுதான் அலமாரி ஒன்று கர்ட்டன் ரோட்டு மொத்தக் கடைக்காரனை அடையும். வேலைக்காரர்கள் சமர்த்தர்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவர்களுக்கு இடப்பட்ட கட்டளை, முந்நூறு வருஷத்துக்கு முந்திய பிரபுவின் மாளிகையிலிருந்து வந்ததோ என்று பார்ப்பவர் மயங்கும்படி புதுச் சாமானைப் பழஞ்சாமானாக்குக என்பதே. ஆகவே மரத்தின் இயல்பான நிறத்தை மறைக்கும் கரும்பழுப்புச் சாயமும், அதன்மேல் கண்ணாடி போன்ற மெருகும், அவசியமில்லாத இடங்களிலெல்லாம் செதுக்குவேலையும் சேர்ந்தன. சூரியனை அபூர்வமாகக் காணும் இந்நாட்டில், அரையிருட்டான அறைக்குள்ளே மேலும் இருட்டைக் கொண்டுவந்து சேர்த்த தளபாடம் அது.

இதற்கு மாற்று வேண்டும் என்று எண்ணியவர்கள் முன்னரும் இருந்தார்கள். நம் ஊருக்கு அண்மையிலேயே உள்ள வால்தம்ஸ்டோவில் 1834-இல் பிறந்த வில்லியம் மாரிஸ், தம் வாலிபத்தில் நண்பர் பர்ன்-ஜோன்ஸ் கையாற் கதைச் சித்திரம் தீட்டப்பெற்ற பெரிய உடையலமாரி ஒன்றைத் தம் இல்லத்தில் வைத்திருந்தார்; 1861-இல் அவர் கூட்டாளிகளோடு தொடங்கிய கம்பெனியின் ஆரம்பச் சரக்குகளிலும் சித்திரப் பெட்டகங்கள் இருந்தன. அவர் கூட்டாளியான ஃபோர்ட் மேடக்ஸ் பிரௌன் எளியவர் வீட்டுக்கென்று பச்சைச் சாயமிட்ட சாதாரணப் படுக்கையறைத் தளபாடங்களை வகுத்தார். மாரிஸைப் பற்றி மூன்று அத்தியாயங்கள் எழுதிவிட்டேன். மீண்டும் விரிக்க வேண்டுவதில்லை. ஆனால் ஒரு வாத்தியத்தைப் பற்றி மட்டும் இங்கே சொல்லியாகவேண்டும். ஆர்னால்ட் டால்மெட்ச் என்னும் சங்கீத வித்வான் பழைய வாத்தியங்களைப் புதுப்பிக்கும் பணியில் ஈடுபட்டு, 1896-இல் ஹார்ப்ஸிகார்டு ஒன்றைச் செய்து காட்சிக்கு வைத்தார். பச்சை வர்ணம் பூசி அதற்குச் சித்திர அலங்காரம் செய்தவர் ஹெலன் கூம்ப் என்னும் இளம் பெண். அவ்வாண்டு முடிவதற்குள் அந்தப் பெண்ணுக்கு விவாகம் நடந்தது. மணமகன், ஒமேகாவைப் பிற்பாடு தோற்றுவித்த ரோஜர் ஃபிரை. பின்னாளில் ஹெலன் தீராத மனநோய்க்கு ஆளாகி, 1910 முதல் தம் எஞ்சிய ஆயுளை வைத்தியசாலையிலேயே கழிக்க நேர்ந்தது. ஒமேகாவின் வரலாற்றை எழுதுவோர் பலர் இந்த அம்மையாரின் பெயரைக் கடந்து போய்விடுகிறார்கள். மரத்தின்மேல் வர்ணம் தீட்டும் கலையில் அவர் கணவருக்கு முன்னோடி என்பதை நான் மறக்க விரும்பவில்லை.

ரோஜர் ஃபிரை 1866-இல் லண்டன் ஹைகேட்டில் குவேக்கர் சமயத்தைச் சார்ந்த கண்டிப்பான குடும்பத்திலே பிறந்தவர். கேம்பிரிட்ஜில் விஞ்ஞானம் பயின்று, அதை விட்டுச் சித்திரத்தில் இறங்கி, பழைய இத்தாலிய ஓவியங்களை மதிப்பிடுவதில் நிபுணர் என்று பெயரெடுத்து, நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியத்தில் உத்தியோகம் பார்த்து, அங்கே கோடீஸ்வரரான மார்கனோடு மனஸ்தாபம் கொண்டு, 1910-இல் வேலையற்றவராக இருந்தார். அந்த 1910ஆம் ஆண்டைத் தமிழர் நினைவில் வைக்கத்தக்க காரணம் ஒன்று உண்டு. ஜனவரி மாதத்தில் லண்டன் சபையொன்றில் ஹேவல் என்னும் கலை அறிஞர் இந்தியக் கலையைப் பற்றிப் பேசியபோது, தலைமை வகித்த சர் ஜார்ஜ் பேர்ட்வுட் என்பவர், புத்தர் திருவுருவமொன்றைக் கொழுப்பிட்டு அவித்த பலகாரத்தோடு ஒப்பிட்டு இழிவுபடுத்தினார். அதனால் எழுந்த கொதிப்பிலே பிறந்ததுதான் இந்தியா சொசைட்டி. அதைத் தோற்றுவித்தவர்களில் ஹேவலோடும் குமாரசுவாமியோடும் ஓவியர் ரோதென்ஸ்டைனோடும் ரோஜர் ஃபிரையும் ஒருவர். கீழ்நாட்டுக் கலையைத் தொல்பொருளாகக் கருதாமல் கலையாகவே பார்க்க வேண்டும் என்று வாதாடிய அதே மனிதர், அவ்வருஷம் நவம்பர் மாதத்தில் கிராஃப்டன் காலரியில் செசான், வான் கோ, கோகேன் முதலிய பிரெஞ்சு தேசத்து நவீன ஓவியர்களின் படங்களைத் திரட்டிக் காட்டி லண்டனைக் கலக்கினார். பத்திரிகைகள் வசைமாரி பொழிந்தன. 1912-இல் மீண்டும் ஒரு காட்சி வைத்தார். இரண்டு செயல்களையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தால்தான் ஃபிரையின் உள்ளம் விளங்கும்: வடிவமும் வர்ணமும் எங்கே உயிரோடு இருக்கின்றனவோ அங்கே அவர் தேசத்தையும் கேட்கவில்லை, காலத்தையும் கேட்கவில்லை.

இந்தக் காட்சிகளாற் புகழ் வந்தது, சோறு வரவில்லை. ஃபிரையைச் சூழ்ந்திருந்த இளம் ஓவியர்களின் படங்களை வாங்க ஆளில்லை. வயிற்றுப்பாட்டுக்காக அவர்கள் கல்லூரிகளிற் பாடம் சொல்லிக் கொடுத்துத் தங்கள் சக்தியை விரயம் செய்வதைக் காட்டிலும், வாரத்தில் சில நாள் மட்டும் கைவேலை செய்து ஜீவித்து, மிச்ச நாட்களைத் தங்கள் சித்திரத்துக்கே அளிப்பது மேல் என்று ஃபிரை யோசித்தார். 1911-இல் பரோ பாலிடெக்னிக் மாணவர்களின் போஜனசாலைச் சுவர்களில், லண்டன் மக்கள் விடுமுறை நாளைக் கழிக்கும் காட்சிகளை டங்கன் கிராண்ட், ஃபிரெடரிக் எட்செல்ஸ் முதலியோரோடு சேர்ந்து அவர் தீட்டியிருந்தார். கூடி வேலை செய்வதன் இன்பத்தை அது கற்பித்தது. 1912ஆம் ஆண்டு டிசம்பரில் நண்பர்களுக்கு உதவி கேட்டுக் கடிதங்கள் எழுதினார். பெர்னார்ட் ஷா 250 பவுன் கொடுத்தார். சாக்லெட் வியாபாரத்திற் பொருள் சேர்த்த உறவினர் ஒருவர் விட்டுச் சென்ற சொத்தும் ஃபிரைக்குக் கைகொடுத்தது. 1913ஆம் ஆண்டு மே மாதத்தில் கம்பெனி பதிவாயிற்று. டைரக்டர்கள் ஃபிரை, ஓவியர் வனெஸ்ஸா பெல், டங்கன் கிராண்ட் ஆகிய மூவர். ஜூலை 8-ஆம் தேதி ஃபிட்ஸ்ராய் சதுக்கம் 33ஆம் இலக்க வீட்டில் கடை திறந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் ஆடம் சகோதரர்கள் வகுத்த அழகான சதுக்கம் அது. 29ஆம் இலக்க வீட்டிலே ஒரு காலத்தில் ஷாவும், அவருக்குப் பின் வனெஸ்ஸாவின் தங்கை வர்ஜீனியாவும் வசித்திருந்தார்கள். ஆகவே இடம் அவர்களுக்குப் புதியதன்று. கீழ்த்தளத்தில் விற்பனைக் கூடம், மேல்தளத்தில் பட்டறை.

வேலைத் திட்டம் எளிமையானது. ஓவியர் ஒருவர் வாரத்தில் மூன்றரை நாளுக்கு மேல் அங்கே வேலை செய்யலாகாது. ஊதியம் வாரத்துக்கு 30 ஷில்லிங். செய்த பொருள் எதிலும் எவரும் தம் பெயரை இடக்கூடாது. சதுரத்துக்குள் எழுதிய ஒமேகா என்னும் கிரேக்க எழுத்தொன்றே எல்லாவற்றுக்கும் முத்திரை. நம் கோயில்களிலே தூண்களைச் செதுக்கியவர்களில் எத்தனை பேருடைய பெயர் நமக்குத் தெரியும்? அந்த மரபை உணர்ந்தவர்களோடு பழகிய ஃபிரைக்கு இவ்விதி இயல்பாகவே தோன்றியிருக்கலாம். அதில் வியாபார விவேகமும் இருந்தது: வாங்குபவர் ஓவியரின் பெயருக்காக அன்றி, பொருளின் அழகுக்காகவே வாங்கவேண்டும் என்பது அவர் விருப்பம். ஆனால் பெயர் சம்பாதிக்க வேண்டிய வயதிலிருந்த வாலிபர்களுக்கு இந்த விதி எப்படி இருந்திருக்கும் என்பதை அவர் போதிய அளவு சிந்தித்தாரா என்று எனக்குச் சந்தேகம்.

அங்கே ஒரு மேசை எவ்வாறு உருவாயிற்று என்று பார்ப்போம். மேசையை அவர்கள் செய்வதில்லை. சாதாரணமான சாமானைக் கடையில் வாங்குவார்கள். அல்லது வடிவத்தை வரைந்து கொடுத்து வெளியே தச்சுப்பட்டறையிற் செய்விப்பார்கள். பிரம்பு நாற்காலிகள் லெஸ்டர் நகரத்து டிரையட் கம்பெனியிலிருந்து வந்தன. பட்டறைக்கு வந்த பின்புதான் ஓவியரின் வேலை தொடங்கும். அளவுகோல் வைத்துக் கோடு இழுப்பதில்லை. வட்டம் வரையக் கவராயத்தைத் தேடுவதில்லை. தூரிகை போன போக்கின் தடம் தெரியவேண்டும், வட்டம் சற்றே நெளிந்திருந்தால் நெளிந்தபடியே இருக்கட்டும் என்பது ஃபிரையின் சித்தாந்தம். யந்திரத்தின் குற்றமற்ற வழவழப்பில் மனிதனுடைய உணர்ச்சிக்கு இடமில்லை என்றும், செய்தவனுடைய மகிழ்ச்சி பொருளிலே தங்கி, அதைப் புழங்குபவனுக்கும் எட்டும் என்றும் அவர் நம்பினார். மாரிஸைப் போல் சமுதாயத்தையே திருத்தியமைக்கப் போவதாக அவர் சொல்லிக்கொள்ளவில்லை. யந்திரத்தால் நன்றாகச் செய்யக்கூடியதை யந்திரமே செய்யட்டும் என்று விட்டுவிட்டார்.

டங்கன் கிராண்டின் 'அல்லிக்குளம்' என்னும் மாதிரியைச் சொன்னால் இது தெளிவாகும். கில்ட்ஃபோர்டில் ஃபிரை கட்டியிருந்த வீட்டுத் தோட்டத்துக் குளமும், அதில் நீந்திய பொன்மீன்களுமே அதற்கு ஆதாரம் என்பார்கள். மேசைமேற் பலகை முழுவதும் இருண்ட நீர். அதன்மேல் பச்சை இலைகளும் வெண்மையும், இடையிடையே நெருப்புத் துண்டுகள் போன்ற செம்மஞ்சளும். இலை என்று நிச்சயமாகச் சுட்டிக்காட்ட ஓர் இலையும் இல்லை. மீன் என்று சொல்ல ஒரு கண்ணும் செதிலும் இல்லை. வர்ணத்தை ஊற்றி ஓடவிட்டது போன்ற தோற்றத்திலே குளத்தின் அசைவு முழுவதும் இருக்கிறது. இதே மாதிரியை மேசைகளிலும் மடக்குத்தட்டிகளிலும் பலமுறை தீட்டினார்கள். ஒன்றைப்போல் மற்றொன்று இருக்காது. ஃபிரை தாமே வகுத்த உயர்ந்த முதுகுள்ள சாப்பாட்டு மேசை நாற்காலியோ வேறு விதம்: பிரம்புப் பின்னல், நேரான கால்கள், மேலிருந்து கீழ்வரை ஒரே சிவப்பு. கர்ட்டன் ரோட்டுக் கரும்பழுப்புக்குப் பழகிய கண்களுக்கு அந்தச் சிவப்பு எவ்வளவு துணிவாகத் தோன்றியிருக்கும்! வனெஸ்ஸா பெல், நீராடும் பெண்களைத் திரைத்தட்டியிலே தீட்டினார். துணிகளும் விற்றார்கள், பிரான்ஸில் ரூவான் நகரத்துக்கருகே அச்சிட்டு வருவித்த லினன் துணிகளுக்கு மௌட், பமேலா, மார்ஜரி என்று தோழிகள் உறவினர்கள் பெயரையே சூட்டினார்கள். கடையை அன்றாடம் கவனித்துக்கொண்ட வினிஃபிரெட் கில் என்னும் இளம் பெண்ணின் உழைப்பு இவ்வளவுக்கும் முதுகெலும்பு. மூட்டுகள் அசையும் மர விலங்குப் பொம்மைகளைச் செய்ததிலும் அவருக்குப் பங்குண்டு.

கடை திறந்து மூன்று மாதம் ஆகுமுன்னே கலகம் மூண்டது. டெய்லி மெயில் பத்திரிகை 1908 முதல் ஒலிம்பியா மண்டபத்தில் நடத்திவந்த 'இலட்சிய இல்லம்' என்னும் கண்காட்சிக்கு அறை ஒன்றை அலங்கரித்துத் தரும் வாய்ப்பு 1913ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் ஒமேகாவுக்குக் கிடைத்தது. அந்த வேலை உண்மையில் தமக்கும் ஓவியர் ஸ்பென்ஸர் கோருக்கும் உரியதென்றும், ஃபிரை அதை மறைத்துக் கம்பெனிக்கு எடுத்துக்கொண்டார் என்றும் பட்டறை ஓவியர்களில் ஒருவரான விண்டம் லூயிஸ் குற்றஞ்சாட்டினார். எட்செல்ஸ், கத்பர்ட் ஹாமில்டன், எட்வர்ட் வாட்ஸ்வொர்த் ஆகியோரும் அவரோடு சேர்ந்து கையொப்பமிட்ட கடிதமொன்றை வாடிக்கைக்காரருக்கும் ஆதரவாளருக்கும் அனுப்பிவிட்டு வெளியேறினார்கள். ஃபிரை பகிரங்கமாகப் பதில் சொல்ல மறுத்துவிட்டார். செய்தி கைமாறியதில் நேர்ந்த குழப்பமே இதற்குக் காரணம் என்றும், வஞ்சகம் எதுவும் இல்லை என்றும் நான் கருதுகிறேன். ஆயினும் பெயரில்லாமல் உழைக்க வேண்டும் என்ற விதியினால் உள்ளே புகைந்துகொண்டிருந்த நெருப்புக்கு அந்தக் குழப்பம் காற்றாயிற்று. லூயிஸ் 1914ஆம் ஆண்டு மார்ச்சில் கிரேட் ஆர்மண்டு ஸ்ட்ரீட்டில் போட்டி நிலையம் ஒன்றைத் தொடங்கினார். அது சில மாதங்களுக்குமேல் நிலைக்கவில்லை.

அந்தச் சண்டையிலும் பார்க்க எனக்கு முக்கியமாகப்படுவது ஒலிம்பியா மண்டபமே. புறநகரிலே புதுவீடு வாங்கிய குமாஸ்தாவும் அவர் மனைவியும் ஞாயிறு உடை உடுத்திக்கொண்டு போய்ப் பார்க்கும் காட்சி அது. நான் முன்னே சொன்ன வீட்டுக்காரனும் சித்திரக்காரனும் ஒரே கூரையின்கீழ் நின்ற அருமையான சந்தர்ப்பம். ஒமேகா அதைத் தொடர்ந்து பயன்படுத்தவில்லை. அதன் வாடிக்கைக்காரர்கள் வேறு உலகத்தவர்: ஜெர்மன் ஸ்தானாதிபதியின் மனைவி லிச்னோவ்ஸ்கி இளவரசி, லேடி ஆட்டலைன் மாரெல், ஹைட் பார்க் கார்டன்ஸில் தம் இல்லத்தை அலங்கரிக்கச் செய்த லேடி ஹாமில்டன் ஆகியோர். 1913 டிசம்பரில் வனெஸ்ஸா அமைத்த குழந்தைகள் அறையைப் பார்த்து வியந்தவர்களும் அவ்வட்டத்தாரே. 1914-இல் வெஸ்ட்போர்ன் குரோவில் கடீனா காப்பிக் கடையின் சுவர்களையும் மேசைகளையும் அலங்கரித்ததுதான் சாமானிய ஜனங்கள் ஒமேகாவின் நடுவே அமர்ந்து ஒரு கோப்பை காப்பி குடிக்கக் கிடைத்த அபூர்வமான இடம். இல்ஃபோர்டு, செவன் கிங்ஸ் பக்கத்து முன்னறைகளுக்கு இவர்களுடைய சிவப்பு நாற்காலி வந்து சேர்ந்திருந்தால் இங்கிலாந்தின் ரஸனையே வேறு வழியிற் போயிருக்கும் என்று எண்ணும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாயிருக்கிறது.

தச்சனோடும் அப்படியே. ஒமேகாவின் சாமான்களில் வர்ணம் உரிந்தது, பலகை வெடித்தது, ஒட்டு விட்டது என்ற புகார்கள் அக்காலத்திலேயே எழுந்தன, அவை பொய்யல்ல. மரம் காய்ந்திருக்கிறதா, அதன்மேல் எந்த அஸ்திவாரப் பூச்சு நிற்கும், தினமும் துடைக்கும் மேசைக்கு எந்த எண்ணெய் ஈடுகொடுக்கும் என்பனவெல்லாம் ஷோர்டிச்சிலே பதினான்கு வயதுப் பையன் பட்டறையிற் கற்றுக்கொண்ட பாடங்கள். ஸ்டான்ஹோப் ஸ்ட்ரீட்டில் இருந்த காலன்போர்ன் குடும்பத்துத் தச்சர்களிடம் ஒப்படைத்த வேலைகள் நேர்த்தியாகவே வந்தன. ஃபிரையின் ஒட்டகச்சிவிங்கி அலமாரி, பல நிற மரத்துண்டுகளை இழைத்துப் பதித்துச் செய்தது, அதற்குச் சாட்சி. ஆனால் அந்தத் தச்சர்கள் வெளியார். கட்டளை வாங்கிச் செய்து கொடுத்தவர்கள். ஓவியரோடு சமமாக அமர்ந்து, இந்தக் கால் இந்தப் பாரத்தைத் தாங்காது என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு இல்லை. ஆஷ்பீயின் சங்கத்திலே தச்சனுக்குக் கௌரவமான ஸ்தானம் இருந்ததை வாசகர் நினைவுகூர்வார்கள். ஒமேகா வாழ்ந்த அதே ஆண்டுகளில், 1914 ஏப்ரலில், ஷோர்டிச் தச்சர்கள் கண்டு பயில வேண்டும் என்பதற்காகவே கிங்ஸ்லாண்டு ரோட்டில் லண்டன் கவுண்டி கௌன்ஸில் ஜெஃப்ரி மியூசியத்தைத் திறந்து பழைய தளபாடங்களை அடுக்கி வைத்தது. அங்கே வந்து நின்ற இளந்தச்சர்களில் இருவரை ஃபிரை தம் பட்டறைக்கு அழைத்திருக்கலாகாதா? கலைஞனின் உள்ளுணர்வை அவ்வளவு மதித்த மனிதர், கைத்தொழிலாளியின் அறிவை அதே அளவு மதிக்கத் தவறிவிட்டார்.

1914 ஆகஸ்டில் யுத்தம் வந்தது. ஃபிரை குவேக்கர் குடும்பத்தவர். யுத்தத்தில் அவருக்குச் சற்றும் சம்மதமில்லை. பெல்ஜியத்திலிருந்து ஓடிவந்த அகதிகளுக்கு உதவினார். பிரான்ஸில் குவேக்கர் நிவாரணப் பணியைப் போய்ப் பார்த்து வந்தார். கம்பெனியையும் விடாமல் நடத்தினார். மண்பாண்டம் வனையத் தாமே கற்றுக்கொண்டு, தெற்குக் கடற்கரையில் பூல் என்னும் ஊரிலுள்ள கார்ட்டர் கம்பெனியின் சூளையிலே வெள்ளையிலும் கருமையிலும் நீலத்திலும் தட்டுகளும் கிண்ணங்களும் செய்தார். அப்பாண்டங்களை ஒமேகாவின் சிறந்த சரக்கு என்பேன். காரணம், அங்கே வனைந்தவரும் வகுத்தவரும் ஒருவரே. 1915 முதல் 1918 வரையில் நான்கு புத்தகங்களும் வெளியிட்டார்கள். பெல்ஜிய மந்திரி வாண்டர்வெல்டின் மனைவி லல்லாவின் இல்லத்துக்காக 1916-இல் ஃபிரை தீட்டிய கட்டில் இப்பொழுது விக்டோரியா அண்டு ஆல்பர்ட் மியூசியத்தைச் சேர்ந்தது.

அதே 1916-இல் கட்டாய ராணுவ சேவைச் சட்டம் வந்தது. மனச்சாட்சி காரணமாக ஆயுதம் ஏந்த மறுத்த டங்கன் கிராண்ட், அதற்கு ஈடாகப் பண்ணை வேலை செய்யவேண்டியவரானார். வனெஸ்ஸாவும் அவரோடு கிராமத்துக்குப் போய்விட்டார். மூன்று டைரக்டர்களில் ஃபிரை ஒருவரே சதுக்கத்தில் மிஞ்சினார். யுத்தகாலத்து விலையேற்றம், வாடிக்கைக்காரர் குறைவு, கூட்டாளிகளின் அசிரத்தை ஆகிய எல்லாவற்றையும் அவர் தனியே தாங்கினார். தம் பணத்தைச் செலவிட்டும் நஷ்டத்தை நிரப்ப முடியவில்லை. யுத்தம் ஓய்ந்த மறு வருஷம், 1919 ஜூன் மாதம், மலிவு விற்பனை அறிவித்து எஞ்சியவற்றை விற்றார். 1920-இல் கம்பெனி சட்டப்படி கலைக்கப்பட்டது. ஃபிரை பின்னும் பதினான்கு ஆண்டுகள் வாழ்ந்து, எழுத்தாலும் பிரசங்கத்தாலும் பெரும் புகழ் அடைந்து, 1934-இல் காலமானார். அவர் மகள் பமேலா பாதுகாத்து வைத்திருந்த ஒமேகாவின் மாதிரிச் சித்திரங்கள் 1958-இல் கோர்ட்டால்டு நிலையத்துக்கு வழங்கப்பட்டன; பட்டறையில் என்னென்ன எண்ணினார்கள், எவற்றைக் கைவிட்டார்கள் என்பதை அந்தத் தாள்களிலிருந்தே நாம் இன்று அறிகிறோம். சதுக்கத்தின் தென்புறம் இரண்டாவது யுத்தத்தில் குண்டுவீச்சால் சேதமுற்றுப் பின்னர் திருப்பிக் கட்டப்பட்டது. செவன் கிங்ஸிலிருந்து எலிசபெத் லைனில் ஏறி டாட்டன்ஹாம் கோர்ட் ரோட்டில் இறங்கினால், அந்த இடத்துக்கு நடந்தே போய்விடலாம்.

வனெஸ்ஸாவும் டங்கனும் 1916 இலையுதிர் காலத்தில் போய்ச் சேர்ந்த இடம், சஸ்ஸெக்ஸில் லூயிஸ் நகரத்துக்கருகே ஃபெர்ல் கிராமத்துப் பண்ணைவீடு. சார்ல்ஸ்டன் என்பது அதன் பெயர். வாடகை வீடுதான். அங்கே விற்பனையும் இல்லை, வாடிக்கைக்காரரும் இல்லை; தாங்கள் சாய்ந்த நாற்காலிக்கும், தாங்கள் திறந்த கதவுக்கும், தாங்கள் குளிர்காய்ந்த அடுப்பின் சுற்றுச்சட்டத்துக்கும் தாங்களே வர்ணம் தீட்டி, உரிந்தபோது மீண்டும் தீட்டி, ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் அந்த வீட்டை விடாமல் வைத்திருந்தார்கள். ஃபிரை வகுத்த சிவப்பு நாற்காலிகளும் ஃபிட்ஸ்ராய் சதுக்கத்திலிருந்து அங்கே போய்ச் சேர்ந்து, சாப்பாட்டு மேசையைச் சுற்றி இடம் பிடித்தன. சித்திரக்காரரும் வீட்டுக்காரரும் ஒருவராகவே இருந்த அந்தப் பண்ணைவீட்டின் கதையை அடுத்த அத்தியாயத்தில் அறை அறையாகச் சொல்லுகிறேன்.

(தொடரும்)